ஜோடிக்கா வாயை மூடிய வாரம்

வெள்ளைக்காரனை எங்க ஜில்லாவுல ரெண்டே இடத்துலதான் சரியா எதிர்த்து நின்னிருக்காங்க. ஒண்ணு வேலூர் கோட்டை, அங்க சிப்பாய்ங்க. இன்னொண்ணு ஆம்பூர் பக்கம் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி, அங்க ஜோடிக்கா. சிப்பாய்ங்க ஒரே நாளோட முடிச்சுக்கிட்டாங்க. ஜோடிக்கா தினமும் எதிர்த்தாங்க. அதுவும் லஞ்ச் டைம்ல, நான் டிஃபன் பாக்ஸைத் திறக்கிற நேரமா பார்த்து, என் டேபிள் முன்னாடி வந்து நின்னு.

அவங்க நிஜப் பேரு ஐடி கார்டுல இருந்திருக்கும். அந்தக் கார்டு எப்பவும் திரும்பியே தொங்கும், அதனால நான் படிச்சதே இல்ல. பேரிங் செக்‌ஷன்ல வேலை. ஷூ பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி வலது காலையும் இடது காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நிறம் ஒத்துப்போகுதா, தோல்ல சுருக்கம் ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்து ஜோடி சேர்க்கணும். தோல்னா அப்படித்தான், ஒரே ஆட்டுத் தோல்லகூட கழுத்துப் பக்கம் ஒரு நிறம், வயித்துப் பக்கம் ஒரு நிறம் இருக்கும். ட்யூப் லைட்டுல பார்த்தா ஏமாத்திடும்னு ஜோடிக்காவுக்கு ஜன்னலோரமா டேபிள் போட்டிருந்தாங்க. ஊரு பள்ளிகொண்டா பக்கம், கம்பெனி பஸ்ல வருவாங்க. தமிழ் மீடியத்துல பத்தாவது பாஸ். வயசு நாப்பது இருக்கும்.

நான் அப்போ ஆபீஸ்ல மெர்ச்சண்டைசர். பேரைக் கேட்டா பெரிய வேலை மாதிரி தெரியும். ஷூ வாங்குற வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டு, "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பிடுவோம்"னு வாரா வாரம் சொல்றதுதான் வேலை. இங்கிலீஷ்ல மெயில் அனுப்புறவ இங்கிலீஷைக் கண்டுபிடிச்சவனுக்கு ஏதோ ஒரு வகையில சொந்தக்காரின்னு ஜோடிக்கா முடிவு பண்ணிட்டாங்க போல. நான் சேர்ந்த மொத வாரமே வந்து நின்னாங்க.

"மேடம், ஒரு டவுட்டு."

"சொல்லுங்கக்கா."

"இந்த லாஸ்ட்டு இருக்குது இல்ல? கால் மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்சி வெச்சிருக்காங்களே, அது மேலதானே தோலை இழுத்து மாட்டி ஷூ செய்றாங்க?"

"ஆமா."

"அது இல்லாம ஷூவே ஆரம்பிக்க முடியாது. மொத மொதல்ல வேண்டிய சாமான். அதுக்குப் போயி லாஸ்ட்டு, கடைசின்னு பேரு வெச்சிருக்கானே, அவனுக்கு இன்னா கேடு?"

என் எம்.பி.ஏ.வுல இதெல்லாம் பாடத்துல வரல. "அது வேற லாஸ்ட்டுக்கா, இது வேற லாஸ்ட்டு"ன்னு சமாளிச்சேன். சமாளிச்சிருக்கக் கூடாது. அவங்க கண்ணு ரெண்டும் அகலமாச்சு. "வேற வேறயா? பாக்கவும் ஒண்ணு, கேக்கவும் ஒண்ணு, ஆனா வேற வேறயா? ஐயய்யோ, இது நம்ம டேபிள் கதையா இல்ல இருக்குது!"ன்னாங்க. வலது காலும் இடது காலும் பாக்க ஒண்ணுதான், மாத்திப் போட்டா தெருமுனை வரைக்கும்கூட போக முடியாது. இங்கிலீஷ் வார்த்தையும் அதே மாதிரிதான்னு அங்கேயே நின்னு எனக்கு விளக்கம். அப்புறம் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிலேருந்து எனக்கு லஞ்ச் டைம்னு ஒண்ணு கிடையாது.

பிரேக்குல ஆரம்பிச்சு ப்ரின்சிபல் வரைக்கும் ஜோடி ஜோடியா வந்து விழுந்துது. இதுல என் கஷ்டம் என்னன்னா, தமிழ்ல எழுதுனா அந்த ஜோடி ரெண்டும் ஒரே எழுத்துல வந்து நிக்கும். அதனால இதைப் படிக்கிற நீங்களும் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் ஆகணும், நான் மட்டும் ஏன் படணும்?

ஒருநாள் கம்பெனி பஸ்ல டிரைவர் பக்கத்துல நின்னுகிட்டுக் கேட்டிருக்காங்க. "ஏண்ணா, நீ கால்ல மிதிக்கறதும் பிரேக்கு, நாங்க டீ குடிக்கப் போறதும் பிரேக்கு, கண்ணாடி உடைஞ்சாலும் பிரேக்கு. இதுல எது எதுக்கு ஒரே எழுத்து, எது எதுக்கு வேற எழுத்து?" டிரைவர் அண்ணன் யோசிக்க ஆரம்பிச்சுட்டார். மனுஷன் அதுவரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தப்போ யோசிச்சதே இல்ல. மாதனூர்ல நிறுத்த வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு நேரா போயிட்டார். அங்க நின்னுகிட்டிருந்த பொண்ணுங்க கையைக் கையை ஆட்டிக்கிட்டே பின்னாடி ஓடி வந்தாங்களாம்.

இன்னொரு நாள் வாணியம்பாடியிலேருந்து தோல் கொண்டு வர்ற பாய் மாட்டினார். அவர் கொண்டு வந்த தோல்ல ஓட்டை ஜாஸ்தின்னு ஸ்டோர்ல வாக்குவாதம் நடந்துக்கிட்டு இருந்தது. நடுவுல நம்ம ஆளு புகுந்தாங்க.

"பாய், ஓட்டைக்கும் ஹோலு, முழுசுக்கும் ஹோலுன்றாங்களே. ஓட்டை விழுந்துட்டா அது எப்படி பாய் முழுசு ஆகும்?"

பாய் தாடியைத் தடவிக்கிட்டு ஒரு நிமிஷம் மேல பார்த்தார். அப்புறம் ஸ்டோர்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா சார்! ஓட்டை இருந்தாலும் முழுசுதான்னு இங்கிலீஷ்லயே சொல்லி வெச்சிருக்கான். நீங்க ஏன் சார் என்னைப் பேஜார் பண்றீங்க?"ன்னார். ஸ்டோர்காரர் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்தார். தோலை எடுத்துக்கிட்டாங்களா, திருப்பி அனுப்பினாங்களான்னு எனக்கு ஞாபகம் இல்ல.

ஒண்ணு சொல்லணும். ஜோடிக்கா இதையெல்லாம் கத்துக்கிட்டு இங்கிலீஷ்ல பேசணும்னு கேக்கல. ஒரு வாக்கியம்கூட அவங்களுக்கு வராது. "குட் மார்னிங்"னு சொன்னாலே, காலையிலன்ற மார்னிங்கா, செத்தவங்களுக்குத் துக்கம் கொண்டாடுற மார்னிங்கான்னு நின்னுடுவாங்க. (ரெண்டாவதை நானே ஒரு அவசரத்துல சொல்லிக் கொடுத்துட்டேன், விதி.) சும்மா தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். மழை ஏன் பெய்யுதுன்னு சின்னப் பசங்க கேக்குமே, அந்த மாதிரி. பதில் தப்பா சொன்னாலும் கோபம் கிடையாது, "இருக்கும் இருக்கும்"னு சந்தோஷமா எடுத்துட்டுப் போவாங்க. நான் தெரியாம அள்ளி விட்ட பல விளக்கங்கள் இன்னும் பள்ளிகொண்டா பக்கம் உலாத்திக்கிட்டு இருக்கும்னு நெனைக்கிறேன்.

"ஏன்க்கா இங்கிலீஷ்காரன் ரெண்டு பொருளுக்கு ஒரே பேரு வெச்சான்?"னு ஒருநாள் நானே திருப்பிக் கேட்டேன்.

"அத வுடுங்க மேடம், எங்க ஊர்ல மூணு சரஸ்வதி இருக்குது. பால்கார சரஸ்வதி, டெய்லர் சரஸ்வதி, மாடி வூட்டு சரஸ்வதி. 'சரஸ்வதி புருஷனோட சண்டை'ன்னா எந்த சரஸ்வதின்னு யாராவது கேக்கறாங்களா? மாடி வூடுதான். அது மாதிரி அவங்களுக்கும் புரியும் போல."

இத்தனை வருஷத்துல இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கயும் கேக்கல.

இப்போ பி.எம். சாரைப் பத்திச் சொல்லியாகணும். பி.எம்.னா ப்ரொடக்‌ஷன் மேனேஜர். நல்ல மனுஷன்தான், ஆனா டென்ஷன் பார்ட்டி. ஃப்ளோர்ல ஒரு மணிக்கு இத்தனை ஜோடின்னு போர்டுல எழுதி இருக்கும். அந்த நம்பர் கொஞ்சம் கம்மி ஆனா அவர் முகமும் சேர்ந்து கம்மி ஆகும். ஜோடிக்காவோட டவுட்டு அவரைப் பொறுத்தவரைக்கும் தொத்து வியாதி. ஏன்னா அது பரவிடுச்சு. பேரிங் லைன்ல இருந்த பொண்ணுங்க எல்லாம் கைல ஷூவை வெச்சுக்கிட்டு வாயில வார்த்தையை ஜோடி சேர்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒருநாள் மத்தியானம் ஷூவைப் பத்தியே விவாதம். "ஷூவுக்கு டங்கு இருக்குது, நாக்கு. கயிறு கோக்கறதுக்கு ஐலெட்டு இருக்குது, கண்ணு. காது மட்டும் வெக்கல பாரு, அதான் நாம சொல்றத எதுவும் கேக்க மாட்டேங்குது"ன்னாங்க ஜோடிக்கா. லைன் முழுக்க சிரிப்பு. பக்கத்து டேபிள்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே ரெண்டு இடது காலை ஒரு பெட்டியில போட்டு மூடிட்டா. பெட்டி அடுக்குக்குப் போயி, அட்டைப்பெட்டிக்குள்ள போயி, கடைசி செக்கிங்ல பி.எம். சாரே திறந்த பெட்டி அதுவா இருந்தது. அவர் ரெண்டு கைலயும் ரெண்டு இடது காலைத் தூக்கிக்கிட்டு ஃப்ளோருக்கு வந்தப்போ மெஷின் சத்தம்கூட அடங்கினது போல இருந்தது.

தப்பு பண்ணின பொண்ணை அவர் ஒண்ணும் சொல்லல. நேரா ஜன்னலோரம் வந்தார்.

"இதோ பாரும்மா, உன் கையில வேலை சுத்தம், ஒத்துக்கறேன். ஆனா உன் வாயால மத்தவங்க வேலை கெடுது. அடுத்த வாரம் ஜெர்மனிலேருந்து பையர் வர்றாங்க. இனிமே இந்த ஃப்ளோர்ல ஒரு வார்த்தை, தமிழோ இங்கிலீஷோ, உன் வாயிலேருந்து வந்துச்சு, சொல்யூஷன் செக்‌ஷனுக்கு மாத்திடுவேன். ஆமா."

சொல்யூஷன்னா பசை. அடிப்பாகத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி பிரஷ்ல அடிப்பாங்க. ஜோடிக்கா வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்கதான் இருந்தாங்க. அந்த வாடை அவங்களுக்கு ஒத்துக்கல. தலைவலியும் இருமலும் வந்து, மூச்சு வாங்கி, வேலையையே விட்டுடலாம்னு அழுத நாளெல்லாம் உண்டாம். அங்கேயிருந்து இந்த ஜன்னலுக்கு வர்றதுக்கு அவங்க எத்தனை பேர்கிட்ட நின்னாங்கன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். அதனால சிரிச்சுக்கிட்டு இருந்த பொண்ணுங்க முகமெல்லாம் சப்புன்னு போயிடுச்சு. ஜோடிக்கா ரெண்டு உதட்டையும் உள்ள மடிச்சுக்கிட்டு, அடுத்த ஷூவைக் கையில எடுத்தாங்க.

அன்னிலேருந்து ஜோடிக்கா மௌன விரதம். ஃப்ளோர்ல மட்டும்தான் பேசக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா பஸ்லயும் பேசல, கேன்டீன்லயும் பேசல. வெளிய பேசுனா உள்ளயும் வந்துடும்னு பயம். டிரைவர் அண்ணன், "இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டினாங்க. அவர் ஸ்டாப்பையெல்லாம் ஒழுங்கா பார்த்து நிறுத்தினார், ஆனா ஓட்டுறதுக்கே ஒரு மாதிரியா இருக்குன்னு கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போனார்.

லஞ்ச் டைம்ல மட்டும் பழக்க தோஷம், என் டேபிள் வரைக்கும் வருவாங்க. நிப்பாங்க. என்னைப் பார்ப்பாங்க. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நிக்கிறது எனக்கே தெரியும். "அக்கா, இது ஆபீஸ், இங்க பேசலாம்"னு சொல்லிப் பார்த்தேன். கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நான் நிம்மதியா சாப்பிட்டேன். சோறு சூடா இருந்தது, மெயில் எல்லாம் முடிஞ்சது. ஆனா அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவே இல்ல.

பையர் வர்ற நாள் வந்தது. எங்க பக்கம் பையர் வர்றதுன்னா பொண்ணு பாக்க வர்ற மாதிரி. சுவத்துக்குப் பெயின்ட், ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில புது பஞ்சு, பாத்ரூம்ல சோப்பு, எல்லாருக்கும் தலையில புதுத் துணி. இப்போ வர்ற பையருங்க ஷூவை மட்டும் பாக்கறதில்ல. வேலை செய்றவங்களைப் பாப்பாங்க, பேசுவாங்க. நல்லா நடத்துறாங்களா, பயமில்லாம வாயைத் திறக்க முடியுதான்னு கேட்டுத்தான் ஆர்டர் கொடுப்பாங்க. அந்த ஆர்டர் போச்சுன்னா சீசன் முடியற வரைக்கும் பாதி லைனுக்கு வேலை இருக்காது. அதனால பி.எம். சார் காலையிலேயே எல்லாரையும் நிக்க வெச்சு, "கேட்டா தைரியமா பேசுங்க"ன்னு சொல்லிட்டார். எல்லாருக்கும் சொன்னார். ஜோடிக்காவுக்கு இருந்த தடையை எடுத்தாச்சுன்னு தனியா சொல்ல மறந்துட்டார்.

ஜெர்மனிக்காரம்மா நல்ல உயரம், கண்ணாடி போட்டிருந்தாங்க, முகத்துல சாந்தம். நான்தான் மொழிபெயர்ப்பு. லைன் முழுக்க நடந்து வந்தவங்க, வெளிச்சம் நல்லா இருந்ததால ஜன்னல் பக்கம் நின்னாங்க. நின்ன இடத்துல யாரு இருப்பாங்க?

"இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன்.

ஜோடிக்கா உதட்டை மடிச்சுக்கிட்டாங்க.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

ஜோடிக்கா என்னைப் பார்த்தாங்க, பி.எம். சாரைப் பார்த்தாங்க, குனிஞ்சுக்கிட்டாங்க.

அந்தப் பார்வையை ஜெர்மனிக்காரம்மா பார்த்துட்டாங்க. முகத்துல இருந்த சாந்தம் மெதுவா போச்சு. பேனாவை எடுத்தாங்க. "இவங்களுக்குப் பேச அனுமதி இல்லையா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். உண்மை அதுதானே! இருக்குன்னு சொன்னா பொய், இல்லைன்னு சொன்னா ஆர்டர் போச்சு.

பி.எம். சாருக்கு வேர்த்துக் கொட்டுது. "பேசும்மா! கேக்கறாங்க இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

ஜோடிக்கா மெதுவா கையைத் தூக்கி, ஃப்ளோரோட அந்தக் கோடியில இருந்த சொல்யூஷன் செக்‌ஷனைக் காட்டினாங்க. அப்புறம் தன் வாயைத் தொட்டுக் காட்டினாங்க.

"அங்க என்ன இருக்கு?"ன்னு ஜெர்மனிக்காரம்மா.

"பசை"ன்னேன் நான்.

"வாயில பசை போட்டாங்களா?"ன்னு அந்தம்மா அலறிட்டாங்க. பி.எம். சார் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார்.

இதுக்கு மேல தாங்காதுன்னு அவர் ரெண்டு கையையும் கூப்பினார். நான் கண்ணால பார்த்தேன். "தாயே! நீ எங்கயும் போக வேணாம். சொல்யூஷனுக்கு மாத்த மாட்டேன். இந்த டேபிள்தான், இந்த ஜன்னல்தான், நீ ரிட்டையர் ஆகற வரைக்கும். எவ்ளோ வேணும்னாலும் பேசிக்கோ. தயவு பண்ணிப் பேசும்மா!"

ஜோடிக்கா அவரை விட்டுட்டு லைன் பக்கம் திரும்பி, அந்த வாரத்தோட மொத வார்த்தையைச் சொன்னாங்க.

"எல்லாரும் கேட்டுகினீங்களா?"

"கேட்டோம்க்கா!" லைன் மொத்தமும் ஒரே குரல். வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல, ரெண்டு பொண்ணுங்க கையைக்கூட தட்டிட்டாங்க.

அப்புறம் மடை திறந்துச்சு. எதையும் மறைக்கல. அந்தம்மா மொதல்ல கேட்டதிலேருந்து வரிசையா பதில். வேலை பிடிச்சிருக்கு, ஜன்னல் பிடிச்சிருக்கு, சொல்யூஷன் வாடை ஆகாது, அங்க இருக்கறவங்களுக்கும் ஒரு நல்ல ஃபேன் வேணும், சார் கெட்டவர் இல்ல ஆனா ஜாஸ்தி டென்ஷன், டவுட்டு கேக்கறேன்னு வாயை மூடச் சொல்லிட்டார். நான் மூச்சு வாங்க மொழிபெயர்த்தேன். கடைசி விஷயத்துல அந்தம்மா நிறுத்தினாங்க. "என்ன டவுட்டு?"

"முழுசுக்கும் ஓட்டைக்கும் எப்படிம்மா ஒரே சத்தம் வெச்சீங்க?"

அதை எப்படி மொழிபெயர்ப்பேன்? அந்த ரெண்டு ஹோலையும் வெச்சு எப்படியோ சொன்னேன். ஜெர்மனிக்காரம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. சிரிப்பு வந்துடுச்சு. "எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் என் பாஷை இல்ல. நானும் ஸ்கூல்லதான் கத்துக்கிட்டேன், இன்னும் தப்பு தப்பாத்தான் எழுதுறேன். எங்க பாஷையிலயும் இப்படி இருக்கு. கோட்டைக்கும் பூட்டுக்கும் ஒரே பேரு, ஷ்லாஸ்."

நான் தமிழ்ல சொல்லி முடிச்சேன். ஜோடிக்கா கையில இருந்த ஷூவை டேபிள்ல வெச்சாங்க. ஷ்லாஸ் பக்கம்கூட அவங்க போகல. அவங்க அந்தம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"அப்போ இவங்களுக்கும் இங்கிலீஷ் சொந்தம் இல்லையா மேடம்?"

"இல்லக்கா."

"த்சோ. அவ்ளோ பெரிய ஊர்லேருந்து வந்தும் நம்மள மாதிரிதான் கஷ்டப்பட்டுகினு இருக்கறாங்களா, பாவம்!" தன் ஸ்டூலை முந்தானையால தொடச்சு முன்னாடி தள்ளினாங்க. "உக்காரச் சொல்லுங்க மேடம். காலையிலேருந்து நின்னுகினே இருக்கறாங்க."

அந்தம்மா உக்காந்தாங்க. ரெண்டு பேரும் என்னை நடுவுல வெச்சுக்கிட்டுப் பேசின பேச்சுல எனக்கு நாக்கு வறண்டு போச்சு. பி.எம். சார் பக்கத்துல நின்னு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறதும், டக்குன்னு கையை மறைச்சுக்கறதுமா இருந்தார். ஆர்டர் வந்தது. சொல்யூஷன் செக்‌ஷனுக்கு ஃபேனும் வந்தது. தொழிலாளர்கள் தாராளமா பேசுறாங்க, நிறுத்தத்தான் முடியலன்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே எங்க முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் லஞ்ச் டைம். பையர் கேட்ட விவரத்துக்கெல்லாம் பதில் அனுப்பணும், என் டேபிள்ல மூச்சு விட நேரம் இல்ல. ஜோடிக்கா வந்து நின்னாங்க. ஒரு வாரத்து டவுட்டு மொத்தமும் சேர்ந்து வரப்போகுதுன்னு தெரியும். இருந்தாலும் கம்ப்யூட்டரைத் திருப்பி வெச்சுட்டு, நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கேளுங்கக்கா. இன்னிக்கு என்ன வார்த்தை?"

"வார்த்தை ஒண்ணும் இல்ல மேடம்"னு சொல்லி உக்காந்தாங்க. "உங்ககூடப் பேசி ஒரு வாரம் ஆச்சு இல்ல, அதான் சும்மா வந்தேன்."

எனக்கு சட்டுன்னு கண்ணு கலங்கிடுச்சு. அந்த வாரம் முழுக்க எனக்கும் அதேதான்க்கான்னு சொல்ல வாயைத் திறந்தேன். எம்.பி.ஏ. படிச்சவ, ரெண்டு பாஷையில நாள் முழுக்கப் பேசினவ, எனக்கு ஒரு வார்த்தை வரல.